ஆடைத் தொழிலில் இஸ்ராஃப்: சிறு கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்



நம் ஜவுளிக் கடைகளிலும் தையற்கடைகளிலும் சில காலமாக ஒரு புதுவிதக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. முன்னெல்லாம் துணி வாங்க வருகிறவர், சாயம் போகுமா, சுருங்குமா, விலையில் ஏதும் குறையுமா என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்வார். இப்போது வரும் இளவயதினர், விசேஷமாகப் படித்த பெண்மக்கள், இந்தத் துணி எங்கே நெய்தது, யார் தைத்தது, வெட்டிய மிச்சத்தை என்ன செய்கிறீர்கள் என்று விசாரிக்கிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'சஸ்டைனபிள்' என்று ஒரு சொல் சொல்கிறார்கள். பூமியையும் தண்ணீரையும் உழைப்பாளியையும் பாழாக்காமல் நீடித்து நடத்தக்கூடிய தொழில் என்பது அதன் பொருள்.

நம்மவர்களில் அநேகர் இதைக் கேட்டுச் சிரித்து விட்டுவிடுகிறார்கள். அது பெரிய கம்பெனிகளின் விளம்பரப் பேச்சு என்பது அவர்கள் எண்ணம். பேச்சில் விளம்பரம் உண்டு. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் விஷயம் விளம்பரமல்ல. நம் ஜமாஅத்துப் பிள்ளைகளில் சிலர் இன்று பாஜு குரோங், அபாயா, தூடோங் முதலியவற்றைத் தாமே வடிவமைத்து, கடை வாடகை கொடுக்காமல் கைபேசி மூலமே விற்று வருகிறார்கள். அவர்களுக்கும், நாற்பது ஐம்பது வருஷமாகக் கடை நடத்தும் நமக்கும், இதில் லாப நஷ்டமே அடங்கியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பொட்டலமாக வந்து வீட்டு வாசலில் இறங்கும் மலிவுச் சட்டையோடு விலையில் மோதி நம்மால் ஜெயிக்க முடியாது. நாம் நிற்க வேண்டிய இடம் வேறு.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு 'இஸ்ராஃப்', 'தப்தீர்' என்ற இரண்டு சொற்களும் தெரியும். ஆகுமான காரியத்தில் அளவு மீறுவது இஸ்ராஃப். ஆகாத வழியில் பொருளை வாரி இறைப்பது தப்தீர் என்று உஸ்தாதுமார்கள் பிரித்துச் சொல்லித் தருவார்கள். ஆடை ஆகுமான பொருள். அதை வெட்டுவதிலும் குவிப்பதிலும் எறிவதிலும் அளவு மீறினால் அது இஸ்ராஃப் ஆகிவிடுகிறது. ஆகவே இந்தப் புதுச் சொல்லின் பாதிப் பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எவ்வளவு மீறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. சிங்கப்பூரில் 2021 ஆம் ஆண்டில் மட்டும் 189,000 டன் துணியும் தோலும் கழிவாகச் சேர்ந்தன என்பது அரசாங்கச் சுற்றுப்புற வாரியத்தின் புள்ளி. அதில் மறு உபயோகத்துக்குத் திரும்பியது நூற்றுக்கு 4 பங்குதான். மீதி பெரும்பாலும் எரி ஆலைக்குப் போய்ச் சாம்பலாகி, 1999 முதல் இயங்கி வரும் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. அந்தத் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சிறிய நாட்டின் கதை இது.

கத்தரிக்கு வேலை இல்லாத ஆடை

நமது முன்னோர் இக்கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் முதன்மையானது கைலி. மலாய்க்காரர் இன்றும் அதைக் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது வேறொன்றுமல்ல. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு என்னும் துறைமுக ஊரின் பெயரே வெள்ளையர் வாயில் 'புலிக்காட்' ஆகி, மலாய்க்காரர் வாயில் இப்படி மாறி நிற்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டியது துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தே கிழக்குத் தீவுகளில் வாசனைத் திரவியம் வாங்கினார்கள். அவர்களுக்கு முன்பும் பின்பும் நம் மரைக்காயர்கள் அதே கடலில் அதே சரக்கோடு வந்தவர்களே. அக்காலத்தில் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி.

இந்தக் கைலியை வியாபாரக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஏறக்குறைய 2 மீட்டர் துணி, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு தையல், அவ்வளவுதான். கத்தரிக்கு வேலையே இல்லை, ஒரு விரற்கடைத் துணியும் கீழே விழுவதில்லை. ஒல்லியானவரும் பருத்தவரும், தகப்பனும் மகனும் அதையே கட்டலாம். அளவு பொருந்தவில்லை என்று எந்தக் கைலியும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. நைந்த பிறகு பிள்ளைக்குத் தொட்டில். அதற்கும் பிறகு கைப்பிடித் துணி. மேல்நாட்டு வடிவமைப்பாளர்கள் 'கழிவற்ற வெட்டு' என்று இப்போது பாடமாகப் படிக்கிறார்களே, அது நம் இடுப்பிலேயே இருக்கிறது.

பழைய பாஜு குரோங்கும் அப்படிப்பட்டதே. அதன் வெட்டை அறியாத தையற்காரர் இப்போது பெருகிவிட்டதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பழைய முறையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளத் துணி. தோளில் தையல் கிடையாது. மடித்துப் போட்டுக் கழுத்துக்கு மட்டும் வெட்டுவார்கள். கைகள் இரண்டும் நேர்ச்சதுரத் துண்டுகள். கையும் உடலும் சேரும் அக்குளில் 'கேக்கேக்' என்ற சிறு சதுரத் துண்டு வைத்துத் தைப்பதால் கையை எந்தப் பக்கமும் தாராளமாகத் தூக்கலாம். பக்கவாட்டில் 'பெசாக்' என்று மேலே குறுகிக் கீழே விரியும் துண்டு வரும். இந்தப் பெசாக்கைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்துச் சாய்வாக ஒரே வெட்டு வெட்டினால், ஒரு நீள்சதுரத்திலிருந்து இரண்டு பெசாக்கும் முழுமையாக வந்துவிடும். நடுவில் மிச்சம் கிடையாது. கீழே விழுவது கழுத்து வட்டமும் சில்லறை ஓரமுமே.

இப்போதைய நவீன பாஜு குரோங்கில் இடுப்பை ஒட்டி வளைவு, கை வளைவு, முதுகில் ஜிப்பு என்று வந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, வாங்குகிறவர் கேட்பதைத் தைத்துக் கொடுக்க வேண்டியதே. ஆனால் வளைவு எத்தனை அதிகமோ அத்தனை துண்டுகள் மேஜைக்கடியில் விழும். சாதாரணத் தொழிற்சாலை வெட்டில் துணியில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு இப்படிக் கழிகிறது என்பது தொழிலில் வழங்கும் கணக்கு.

இதை வெள்ளிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடிக்கு 4 மீட்டர் என்று வைத்து, 100 ஜோடிக்கு 400 மீட்டர் துணி. 15 பங்கு கழிந்தால் 60 மீட்டர் வீண். துண்டுகளை யோசித்து அடுக்கி அதை 6 பங்காகக் குறைத்தால் 24 மீட்டர்தான் வீண். மிச்சம் 36 மீட்டர், அதாவது 9 ஜோடிக்கான துணி. மீட்டர் 12 வெள்ளி என்றால் 432 வெள்ளி. இது விற்றுச் சம்பாதிக்கும் பணமல்ல. கையைவிட்டுப் போகாமல் நிற்கும் பணம்.

குறைப்பது எப்படியென்றால், முதலில் பன்னாவைப் பார்த்து வாங்க வேண்டும். துணியின் அகலத்தையே பன்னா என்கிறோம். 45 அங்குலப் பன்னாவில் அழகாக அடங்கும் மாதிரி, 60 அங்குலத்தில் ஒரு பக்கம் முழுதும் நீள நாடாவாக மிஞ்சலாம், மாறியும் நடக்கலாம். விலை மலிவு என்று பன்னா பாராமல் வாங்குகிறவர் கத்தரியில் அந்த மலிவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அடுத்து, எல்லா உறுப்புகளுக்கும் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு, துணிமேல் பரப்பிப் பார்த்த பிறகே சுண்ணக்கட்டியைத் தொட வேண்டும். பெரிய துண்டுகளை முதலில் வைத்து, கழுத்துப் பட்டி, பை, கேக்கேக் போன்ற சிறியவற்றை இடைவெளிகளில் செருக வேண்டும். ஒரே நிறத்தில் பெரிய அளவும் சிறிய அளவும் சேர்த்து வெட்டினால், தனித்தனியே வெட்டுவதைவிட நன்றாக அடங்கும். பூப்போட்ட துணியில் பூவின் தலை ஒரே பக்கம் நிற்க வேண்டியதாயிருந்தால் துண்டைத் தலைகீழாக வைக்க முடியாது. அத்தகைய துணிக்குக் கூடுதல் துணி போகும் என்பதை விலை சொல்லும்போதே மனத்தில் வைக்க வேண்டும். பருத்தித் துணியை வெட்டுமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்திவிடுவது பழைய தையற்காரர் வழக்கம். இன்று அவசரத்தில் அதை விட்டுவிட்டார்கள். முதற் சலவையிலேயே சுருங்கிப் போகும் சட்டை அலமாரிக்குள் போய், அங்கிருந்து குப்பைக்குப் போகிறது.

அப்படியும் விழுகிற வெட்டுத்துண்டு இருக்கிறது. மலாய்க்காரர் அதைக் 'காயின் பெர்ச்சா' என்று சொல்லி, ஒட்டுப்போட்டுப் போர்வையும் தலையணை உறையும் தைப்பது நெடுங்கால வழக்கம். பித்தான் சுற்றும் துணி, தஸ்பீஹ் பை, குழந்தைத் தொப்பி, அதே துணியில் ஒரு சிறு கைப்பை என்று பலவும் செய்யலாம். எனினும் இதில் அதிக நம்பிக்கை வைக்கக் கூடாது. ஒரு வெள்ளி வரும்படி தரும் பையைத் தைக்க இரண்டு வெள்ளிக் கூலி போகுமானால் அதுவும் விரயமே. துண்டு விழாமல் வெட்டுவது, விழுந்த துண்டை விற்பதைவிடச் சிலாக்கியம்.

தூங்குகிற சரக்கு

கத்தரியில் போவதைவிட நம் கடைகளில் அதிகம் போவது பெருநாள் சரக்கில். ரமலான் வருகிறதென்றால் நம்மவர்களுக்கு ஒரு வேகம் வந்துவிடும். எதிர்க்கடைக்காரர் முந்நூறு ஜோடி இறக்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால், அவருக்கு எவ்வளவு விற்றது என்பதைக் கேளாமலே நாமும் இறக்குவோம். பெருநாள் கழிந்த மறுநாள் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் அரபுத் தெருவிலும் பினாங்குக் கடைவீதியிலும் தொங்கும் மலிவு விலைப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம். முதற்கடைக்காரர் 200 ஜோடியையும் ஐந்து அளவில் முன்கூட்டியே தைத்து அடுக்குகிறார். துணி 48 வெள்ளி, தையற்கூலி 32 வெள்ளி, ஆக ஒரு ஜோடி அடக்கம் 80; மொத்தம் 16,000. விற்பனை விலை 120. பெருநாளுக்குள் 150 ஜோடி விற்று 18,000 வருகிறது. மிஞ்சிய 50 ஜோடியில் பெரும்பாலும் யாருக்கும் பொருந்தாத அளவுகளே இருக்கும். அவற்றை 50 வெள்ளிக்குத் தள்ளினால் 2,500. முடிவில் அவருக்கு நிற்பது 4,500.

இரண்டாமவர் 200 ஜோடிக்கான துணியை வாங்கினாலும் 100 ஜோடியை மட்டுமே தைக்கிறார். மீதித் துணியைச் சுருளாகவே வைத்துக்கொண்டு, வருகிறவருக்கு அளவெடுத்துத் தைத்துத் தருகிறார். தைத்துவைத்த நூறும் விற்கிறது, அளவெடுத்தது 40. மொத்தம் 140 ஜோடிக்கு 16,800 வரவு. துணிச் செலவு 9,600. 140-க்குத் தையற்கூலி 4,480. ஆகச் செலவு 14,080. கையில் மிச்சம் 2,720. அதோடு வெட்டாத துணி 240 மீட்டர். அதை வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் 2,880. ஆக 5,600. முதல்வரைவிடப் பத்து ஜோடி குறைவாக விற்று, 1,100 வெள்ளி கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறார்.

காரணம் எளிது. வெட்டாத துணி யாருக்கும் ஆகும். கல்யாணத்துக்கும் ஆகும், பள்ளிக்கூட உடுப்புக்கும் ஆகும். வெட்டித் தைத்த துணி ஒரே அளவுக்காரருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கைபேசி வழியே விற்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் நம்மைவிடச் சௌகரியம் அதிகம். மாதிரிக்கு ஒன்று தைத்துப் படம் போட்டு, முன்பணத்தோடு ஆர்டர் சேர்ந்த பிறகு மற்றதை வெட்டலாம். பத்து நாள் காத்திருக்கச் சொன்னால் வாங்குகிறவர் போய்விடுவார் என்று பயப்படுகிறார்கள். சிலர் போவார்கள்தான். காத்திருந்து வாங்குகிறவர் தம் அளவுக்கு வந்த உடையைத் திருப்பி அனுப்புவது அரிது.

இங்கே ஜகாத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். வியாபாரச் சரக்கின் ஜகாத், விற்றதற்கு மட்டுமல்ல. வருஷம் பூர்த்தியாகும் நாளில் அலமாரியில் இருக்கும் விற்பனைச் சரக்கையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, நிஸாப் அளவை எட்டியிருந்தால் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 50 ஜோடி 2,500 வெள்ளி பெறுமானால் அதன் பங்கு 62 வெள்ளி 50 காசு. மூன்று வருஷம் மூலையில் கிடந்தால் மூன்று வருஷமும் அப்போதைக்குள்ள மதிப்பைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். தூங்குகிற சரக்கும் ஜகாத்துக் கணக்கில் விழித்தே இருக்கும்! அதைப் பெருநாளுக்கு முன்பே ஏழைப் பிள்ளைகளுக்கு உடுத்தக் கொடுத்துவிட்டால் அலமாரியும் காலியாகும், அவர்கள் பெருநாளும் பெருநாளாகும். சரக்கையே ஜகாத்தாகக் கொடுக்கலாமா, பணமாகத்தான் கொடுக்க வேண்டுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு. உங்கள் ஆலிமைக் கேட்டுச் செய்யுங்கள். ஸதகாவாகக் கொடுப்பதில் யாருக்கும் தடையில்லை.

சாயத் தண்ணீர்

நாம் விற்கும் துணி எங்கே சாயம் பெற்றது என்பது அடுத்த விஷயம். நம் சொந்த நாட்டுக் கதையே போதும். திருப்பூர்ப் பக்கம் பனியன் துணிக்குச் சாயமிட்ட பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் விழுந்தது. பருத்தியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்புச் சேர்க்க வேண்டும். அந்த உப்பெல்லாம் ஆற்றோடு போயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாக மாறியது. கீழே உள்ள ஆயக்கட்டு நிலங்களும் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி உபயோகிக்கும் ஏற்பாடு செய்தவர்களே பிறகு திறக்க முடிந்தது.

மூடிக்கிடந்த காலத்தில் பட்டறை முதலாளிகளும் கூலிக்காரர்களும் பட்ட கஷ்டம் சொல்லி முடியாது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு முன்னே விவசாயி பட்டது ஒன்று இருக்கிறது. மலிவாகச் சாயமிட்ட துணியின் மீதி விலையை அவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். சுத்திகரிப்புக்குக் கிலோவுக்கு இவ்வளவென்று செலவு உண்டு. ஆகையால் வழக்கத்துக்கு மீறி மலிவாகச் சாயத்துணி தருகிறேன் என்று யாராவது வந்தால், விலையைப் பேசுமுன் தண்ணீர் எங்கே போகிறதென்று கேட்பது வியாபாரியின் கடமை. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பாத்தேக் செய்யும் சிறு பட்டறைகளிலும் இதே சங்கதிதான். அங்கே மெழுகும், சாயமும், சாயத்தைக் கெட்டிப்படுத்தும் சோடியம் சிலிக்கேட்டும் கழுவுநீரோடு சாக்கடைக்குப் போகின்றன. துணியை வேகவைக்கும்போது மேலே மிதக்கும் மெழுகை வழித்தெடுத்து மறுபடி உருக்கி உபயோகிப்பது நல்ல பட்டறைகளில் நடப்பது. அது பணத்தையும் மிச்சப்படுத்துகிறது, ஓடையையும் அடைக்காது. பாத்தேக் வாங்கப் போகும் நம் வியாபாரிகள் துணியை மட்டும் பாராமல், பட்டறையின் பின்பக்கத்தையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வரலாம்.

தண்ணீரைப் போலவே உழைப்பும். வங்காள தேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவார் என்ற இடத்தில், 2013 ஏப்ரல் 24-ல், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். உள்ளே பல ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். முதல் நாளே சுவர் விரிசல் கண்டிருந்தும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டர் நாளுக்குள் சரக்குப் போக வேண்டும் என்ற அவசரம். அது எங்கோ நடந்தது என்று சொல்லிவிட முடியாது. நமக்காக வீட்டிலிருந்து தைத்துத் தரும் பெண்மக்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஜோடிக்கு இவ்வளவென்று பேசிய கூலியைப் பெருநாள் வசூல் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது நம் தெருவிலேயே நடக்கிறது. உழைத்தவர் கூலியைத் தாமதியாமல் கொடுப்பது பற்றிய நபிமொழியை அறியாதவர் நம்மில் ஒருவருமில்லை. ஆகவே அதற்கு மேல் எழுதவில்லை.

குறையைச் சொல்லி விற்பது

இந்தப் புதுச் சொல்லால் வந்திருக்கும் பெரிய ஆபத்து பொய். பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம் போட்டுவிட்டால் துணி பரிசுத்தமாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள் என்பது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. அவர்கள் வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. தம் கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்திர் ரஹ்மானிடம் சரக்கை ஒப்படைத்து, அதில் ஒரு துணியில் குறை இருக்கிறது, வாங்குகிறவரிடம் சொல்லி விற்கவும் என்று தெரிவித்திருந்தார்கள். கூட்டாளி மறந்து சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். ஒரு துணியில் இருந்த குறைக்காக முழுக் கிரயமும்! அளவில் குறைப்பவர்களைக் கண்டித்தே ஒரு சூரா இறங்கியிருக்கும்போது, சொல்லில் கூட்டி விற்பது எப்படிச் சாதாரணக் காரியமாகும்?

இன்றைய உதாரணம் 'மூங்கில் துணி'. மூங்கில் இயற்கைப் பொருள், ஆகவே துணியும் இயற்கை என்று சொல்லி விற்கிறார்கள். மூங்கில் மரக்கூழை இரசாயனங்களில் கரைத்து இழையாக இழுத்தால் வருவது ரேயான். அதில் மூங்கிலின் குணம் எதுவும் மிஞ்சுவதில்லை. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2009-ல் இப்படி விற்ற நான்கு கம்பெனிகள்மீது நடவடிக்கை எடுத்தது. ரேயானை ரேயான் என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. மென்மையான துணி, நன்றாகத் தொங்கும். பெயரை மாற்றுவதே குற்றம்.

மொத்தக் கடைக்காரர் சொன்னதை நம்பி நாம் திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. வீட்டிலேயே செய்யக்கூடிய பழைய சோதனை இருக்கிறது. துணி ஓரத்திலிருந்து சில நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிவதுபோல் எரிந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டு குணமும் தெரியும். சாயத்துக்கு, நனைத்த வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

முத்திரைகளிலும் விவரம் தெரிந்து பேச வேண்டும். கோட்ஸ் என்ற முத்திரை, இரசாயன உரமில்லாமல் விளைந்த இழை நூற்றுக்கு 70 பங்காவது இருந்தால்தான் கிடைக்கும். 'ஆர்கானிக்' என்றே எழுத 95 பங்கு வேண்டும். சாயமிடுதல், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் அதில் நிபந்தனைகள் உண்டு. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது வேறு. முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதியான பொருள் இருக்கிறதா என்று சோதித்ததற்கு அது அடையாளம். கூலி சரியாகக் கொடுத்தார்களா என்பதை அது சொல்லாது. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர், தெரியாமல் பேசினாலும் வாங்குகிறவரை ஏமாற்றுகிறார். முத்திரை இல்லாத துணிக்கு, இன்ன ஊரில் வாங்கியது, இன்ன நூல், மற்றது எனக்குத் தெரியாது என்று சொல்வதே போதும். படித்த பெண்கள் அந்தப் பதிலுக்கு மரியாதை கொடுக்கிறார்கள். கடையில் நின்றால் கண்கூடாகத் தெரிகிறது.

பிரித்துத் தைப்பது

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நாமோ பழுது பார்க்கும் வேலையைக் கௌரவக் குறைவாக எண்ணி, அது சிறு கூலி என்று திருப்பி அனுப்புகிறோம். உண்மையில் மலிவுச் சட்டை விற்கும் பெரிய கம்பெனியால் செய்யவே முடியாத வேலை இது ஒன்றுதான். கை நீளம் குறைப்பதும், இடுப்பைத் தளர்த்துவதும், ஜிப்பு மாற்றுவதும் கிழிந்த உடையோடு நம் கடைப்படியேறி வரும் ஆளுக்குச் செய்ய வேண்டியவை. அவர் வந்து நிற்கும்போது அலமாரியையும் பார்க்கிறார்.

அதற்குத் தைக்கும்போதே இடம் வைக்க வேண்டும். பக்கத் தையலில் ஒவ்வொரு புறமும் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டு, கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைத்தால், பிள்ளை வளர்ந்தாலும், உடம்பு பருத்தாலும் பிரித்து விடலாம். மிச்சம் பிடிக்கிறோம் என்று அரையங்குலத்தில் வெட்டுகிறவர், துணியில் சிக்கனம் செய்து ஆடையை வீணாக்குகிறார். வெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மேலே எழுதிவிட்டு இங்கே விடச் சொல்வது முரண் என்று சிலர் கருதலாம். தரையில் விழுவதைத்தான் மிச்சம் பிடிக்கச் சொன்னேன், உடைக்குள் இருப்பதையல்ல. அதே துணியில் ஒரு கைப்பிடி அகலத் துண்டையும் இரண்டு பித்தானையும் சிறு பையில் போட்டு உடையோடு கொடுத்துவிடுங்கள். முன்பு நல்ல தையற்காரர்கள் எல்லாரும் கொடுத்தார்கள்.

பெருநாள் ஆர்டருக்கு ஒரு கடைசி நாள் வைத்து, அதைக் கடை வாசலில் எழுதிப் போடுவதும் அவசியம். ஷஅபான் பாதியோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ரமலான் முதற் பிறையோடு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசிப் பத்து நாளில் இரவெல்லாம் விழித்துத் தைத்த உடைகளில்தான் தையல் விடுகிறது, அளவு மாறுகிறது, பணம் திருப்பிக் கொடுக்க நேர்கிறது, தராவீஹும் தவறுகிறது. நாளை முன்கூட்டிச் சொன்னால் வழக்கமாக வருகிறவர்கள் அதற்கேற்ப வந்துவிடுவார்கள். வந்தவர் அளவைத் துண்டுக் காகிதத்தில் எழாமல், பெயரும் தேதியும் போட்டு ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதி வைக்கவும். அடுத்த வருஷம் அதே ஆள் வரும்போது பழைய அளவுக்குப் பக்கத்தில் புதிய அளவை எழுதினால், போன வருஷ உடையைப் பிரித்துத் தைத்தால் போதுமா, புதிதாகத் தைக்க வேண்டுமா என்பதை அங்கேயே அவருக்குச் சொல்லிவிடலாம்.